முகர்ந்ததை எழுதுங்கள்

ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வர்னஸ் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாலைந்து இளையவர்கள் வந்து உட்காருகிறார்கள். படிக்க வந்தவர்கள், மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள், கணினி வேலைக்காகக் குடும்பத்தோடு வந்து இறங்கியவர்கள். எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். ஹைலேண்ட் சிங்கிள் மால்ட் விஸ்கியை முறையாகச் சுவைக்கவும், சுவைத்ததைப் பிறர் நம்பிப் படிக்கும்படி எழுதவும் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. முப்பது வருடமாக நோட்டுப் புத்தகமும் கையுமாக நான் செய்துவரும் வேலை இது. "வாயால சொல்றதை எல்லாம் எழுதிக் குடுத்துடுங்க மாமா" என்று ஒரு பெண் கேட்டாள். எழுதிவிட்டேன்.

குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தொட்டவர்கள் கொஞ்சமாகத் தொட்டு நிறையக் கவனிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. ஹைலேண்டுக்கென்று ஒரே சுவை இருப்பதாக நம்பி வராதீர்கள்.

ஹைலேண்ட் எல்லை வரியால் பிறந்தது. 1784-இல் பிரிட்டிஷ் அரசு வடிசாலைகளுக்கு வரி போடுவதற்காக ஸ்காட்லாந்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தது. வடக்கே ஒரு கணக்கு, தெற்கே ஒரு கணக்கு. அந்தக் கோட்டின் வாரிசுதான், 2009-ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகளில் மேற்கே கிரீனாக் பக்கத்திலிருந்து கிழக்கே டண்டீ பக்கம் வரை ஓடும் எல்லை. கிளாஸ்கோவுக்கு வடக்கே கிளென்கோய்ன் வடிசாலைக்குப் போனால் இந்தக் கோட்டைக் காலாலேயே தாண்டலாம். சாலைக்கு ஒரு பக்கம் விஸ்கி வடிக்கும் செம்புக் கொப்பரைகள்; அது ஹைலேண்ட். எதிர்ப்பக்கம் பீப்பாய்கள் அடுக்கிய கிடங்கு, அது லோலேண்ட். நடுவில் ஓடும் தார்ச்சாலை எந்தச் சுவையையும் தடுத்து நிறுத்துவதில்லை.

எல்லைக்குள் இருக்கும் ஊர்களைப் பாருங்கள். வடகோடியில் விக் துறைமுகம், ஹெர்ரிங் மீன் வியாபாரத்தில் செழித்த ஊர். அங்கே 1826-இல் தொடங்கிய ஓல்ட் புல்ட்னி. மேற்குக் கடற்கரையில் ஓபன். அங்கே 1794-இல் வடிசாலை வந்தது. அதைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. நடுமலையில் டால்வினி. கிழக்கே அபர்டீன் பக்கம் கிளென்ட்ரோனக்கும் ஆர்ட்மோரும். இவை போதாதென்று ஸ்கை தீவின் டாலிஸ்கரும் ஆர்க்னி தீவின் ஹைலேண்ட் பார்க்கும் சட்டப்படி ஹைலேண்ட் கணக்கில்தான் வருகின்றன. ஸ்பேசைடு என்று தனியாகப் பேசப்படும் பகுதியும் ஹைலேண்டுக்குள் அடங்கியதே. அதனால்தான் மக்காலன் லேபிளில் ஹைலேண்ட் சிங்கிள் மால்ட் என்று இருக்கிறது. தேன், உப்பு, புகை, உலர்திராட்சை எல்லாம் ஒரே பெயரின் கீழ் கிடைக்கும்போது "வழக்கமான ஹைலேண்ட் பாணி" என்ற தொடரை நீங்கள் எழுதக் கூடாது. ஊரின் பெயரை எழுதுங்கள், வடிசாலையின் பெயரை எழுதுங்கள்.

2. லேபிளைப் படித்துவிட்டு மூடியைத் திறங்கள்.

சிங்கிள் என்றால் ஒரே வடிசாலை. ஒரே பீப்பாய் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி மட்டும். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணில், குறைந்தது 3 ஆண்டு இருந்தாக வேண்டும். புட்டியில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 12 ஆண்டு என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையதற்கு 12 வயது; மற்றவை மூத்தவையாக இருக்கலாம்.

தண்ணீரையும் நிறத்துக்காகக் காரமலையும் தவிர வேறெதையும் சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தக் காரமல்தான் விஷயம். ஜெர்மனியில் விற்கும் புட்டியில் நிறம் சேர்த்திருந்தால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும். அங்கே விற்கும் அதே விஸ்கியின் லேபிளைத் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

இன்னொன்று, குளிரூட்டி வடிகட்டுதல். 46 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள விஸ்கியில் குளிர்ந்தாலோ தண்ணீர் சேர்த்தாலோ கலங்கல் தட்டும். பார்வைக்குத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அதைக் குளிர வைத்து வடிகட்டுகிறார்கள். கலங்கலோடு சேர்ந்து கொழுப்பும் எண்ணெய்ப் பசையும் கொஞ்சம் போய்விடுகின்றன. டீன்ஸ்டன் 12 ஆண்டு 46.3 விழுக்காட்டில், அப்படி வடிகட்டாமல் வருகிறது. 40 விழுக்காட்டு விஸ்கி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து நாக்கில் புரட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

3. நிறத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம்.

4. கொஞ்சமாக ஊற்றுங்கள்.

ஒரு கிளாஸில் 15 மில்லி. ஒரு மாலைக்கு மூன்று விஸ்கி. பிரிட்டன் மருத்துவக் கணக்கில் இது ஏறக்குறைய 2 யூனிட் வரும். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள். நாலாவது விஸ்கியை எழுதுவது நீங்கள் அல்ல, முன்னே குடித்த மூன்று விஸ்கி. துப்புவதற்கு ஒரு குவளை வையுங்கள். தொழிலாகச் சுவைப்பவர்கள் பலரும் துப்புகிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மென்மையானது முதலில், ஷெர்ரி பீப்பாயில் இருந்தது அடுத்து, புகை கடைசியில். புகையை முதலில் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் புகையாகவே இருக்கும்.

கிளாஸ் துலிப் மலர் வடிவத்தில் இருக்க வேண்டும்: அடியில் அகலம், வாயில் குறுகல். 2001-இல் வந்த கிளென்கேர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது, விலையும் அதிகமில்லை. அகன்ற வாய் டம்ளரில் வாசனை நாலு பக்கமும் ஓடிவிடும். ஐஸ் வேண்டாம், குளிரில் வாசனை எழும்பாது.

அறையும் முக்கியம். நம் வீடுகளில் மாலையில் தாளிப்பு வாசம் இருக்கும், சாம்பிராணியோ ஊதுபத்தியோ இருக்கும். தலையில் மல்லிகை இருக்கும். சோப்பின் மணம் கையில் இருக்கும், கிளாஸைத் தூக்கும்போது அதுதான் முதலில் மூக்குக்கு வரும். வாசனையில்லாத சோப்பால் கைகழுவுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும்.

5. மூக்குக்குப் பயிற்சி கொடுங்கள்.

இதைத்தான் முதல் வகுப்பில் செய்யச் சொல்வேன். ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இரண்டு விரலால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு அதை வாயில் போடுங்கள். இனிப்பு தெரியும், வேறொன்றும் தெரியாது. சீனியா, வெல்லமா, கருப்பட்டியா என்று சொல்ல முடியாது. அரை நிமிடம் கழித்து விரலை எடுங்கள். பனையின் வாசமும் காய்ச்சிய பாகின் கருகலும் லேசான புகையும் ஒரே நொடியில் வாய்க்குள் வந்து நிறையும். நாக்கு கண்டுபிடிப்பது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்து மட்டும்தான். மற்றவை எல்லாம், வாயின் பின்புறத்திலிருந்து மூக்குக்கு ஏறும் வாசனை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒருவரும் என் மேசையில் விஸ்கி கிளாஸைத் தொட்டதில்லை.

அடுத்தது அஞ்சறைப்பெட்டி. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக முகருங்கள். கிராம்பும் பட்டையும் எல்லோருக்கும் உடனே தெரியும். அன்னாசிப்பூவையும் சோம்பையும் பிரித்துச் சொல்லும்போது பலர் தடுமாறுகிறார்கள். ஜாதிபத்திரியை ஜாதிக்காயிலிருந்து பிரிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வராது. மூக்கு உணர்ந்துவிடும், சொல்தான் தாமதிக்கும். இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் பயிற்சி. தினமும் பத்து நிமிடம் போதும்.

விஸ்கியை முகரும்போது உதட்டைக் கொஞ்சம் திறந்துவைத்து, கிளாஸை மூக்குக்குச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். முதல் மூச்சில் ஆல்கஹால் நெடி குத்தும். விலக்கிக்கொண்டு, கால் நிமிடம் விட்டு, மறுபடி வாருங்கள். மூன்றாவது தடவைதான் விஸ்கி பேசத் தொடங்கும். ஊற்றியவுடனே எழுதாதீர்கள். பத்து நிமிடம் கிளாஸில் இருக்கட்டும்.

6. தண்ணீர் சேர்ப்பது குற்றமல்ல.

ராவாகக் குடிப்பதுதான் வீரம் என்று நினைத்து வருகிற தம்பிகள் உண்டு. ஸ்காட்லாந்தில் விஸ்கியைக் கலந்து உருவாக்கும் வல்லுநர்கள், 20 விழுக்காட்டுக்குத் தண்ணீர் சேர்த்து இறக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் என்ற இருவர் இதைக் கணினியில் கணித்துப் பார்த்தார்கள். புகைமணத்துக்குக் காரணமான குவாயக்கோல் மூலக்கூறு, ஆல்கஹால் 45 விழுக்காடும் அதற்குக் கீழும் இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பில் தங்குகிறது, 59 விழுக்காடும் அதற்கு மேலும் போனால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். மேற்பரப்பில் இருப்பதுதானே மூக்குக்கு வரும்!

முதலில் தண்ணீரில்லாமல் முகர்ந்து, ஒரு வாய் சுவைத்து, குறிப்பெழுதுங்கள். பிறகு கரண்டியால் சில சொட்டு. மறுபடி குறிப்பு. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள், கலக்காதீர்கள். சில விஸ்கி தண்ணீரில் விரியும், சில உடைந்துபோகும். எது என்பதைச் சொல்வது உங்கள் கடமை.

7. வாயில் வைத்திருங்கள்.

விழுங்க அவசரப்படாமல் பத்து நொடியாவது நாக்கின் மேலும் அடியிலும் புரளவிடுங்கள். எண்ணெய் மாதிரி ஒட்டுகிறதா, தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, கட்டித் தேநீர் மாதிரி ஈறைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பின் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். அப்போது வருவது பின்சுவை. கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

8. நீங்கள் முகராத பொருளின் பெயரை எழுதாதீர்கள்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நான் எழுதிய முதல் மதிப்புரை, ஒரு மலைப்பகுதி விஸ்கியைப் பற்றியது. "ஹீதர் மலரும் தேனும் கலந்த மணம்" என்று தொடங்கினேன். இங்கிலீஷ்ப் புத்தகங்களில் ஹைலேண்ட் விஸ்கி என்றாலே ஹீதர் என்று இருந்தது, நானும் எழுதிவிட்டேன். அப்போது நான் ஹீதர் பூவை முகர்ந்ததே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஓர் ஆகஸ்ட் மாதம் தெற்கே போகும்போது, ஏ9 சாலையில் டால்வினியைத் தாண்டி ட்ரமொக்டர் கணவாய் அருகே காரை நிறுத்தி இறங்கினேன். மலைச்சரிவு முழுக்க ஊதா நிறம். முழங்காலுக்குக் கீழே புதர்ப்புதராக, மிளகு அளவில் பூக்கள். மண்டியிட்டு முகத்தை அதற்குள் வைத்தேன். தேன்கூட்டைப் பிழிந்த பிறகு கையில் தங்கும் வாடை, அதோடு வெயிலில் காய்ந்த புல்லின் தூசி. மதிப்புரையில் நான் ஹீதர் என்று எழுதிய விஸ்கியில் இது இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து அந்தப் புட்டியின் மிச்சத்தை ஊற்றி மறுபடி முகர்ந்தேன். அதில் இருந்தது இலுப்பைப்பூ. எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் விடியற்காலையில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்குமே, காலில் மிதிபட்டு, பாதி காய்ந்து, இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு கனத்த மணம். அதேதான். இரண்டு வருடம் முன்பும் என் மூக்கு அதைத்தான் உணர்ந்திருக்கும். புத்தகத்தின் சொல் முந்திக்கொண்டதால் அதை நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். முகர்ந்த பொருளின் பெயரை மட்டுமே எழுதுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் மூக்கில் இருக்கும் நினைவுகள் உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் சேர்ந்தவை. அவற்றை விட்டுவிட்டு, பார்த்தறியாத கூஸ்பெர்ரியையும் எல்டர்ஃப்ளவரையும் எழுதினால் படிப்பவருக்கும் பயனில்லை, உங்களுக்கும் பயனில்லை. வடிசாலையில் சுடுநீரில் ஊறும் மால்ட்டின் வாசனைக்கு, நெல் அவிக்கும் வாடை என்று எங்கள் மேசையில் ஒரு தம்பி சொன்னான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். அதைவிடச் சரியான வார்த்தையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

அதற்காகத் தமிழில் எழுதுகிறோம் என்று எல்லா விஸ்கியிலும் மல்லிகையையும் சந்தனத்தையும் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். அதுவும் பொய்தான். பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் பச்சை ஆப்பிள் என்றே எழுதுங்கள். இலுப்பைப்பூ தெரியாத வாசகரும் இருப்பார் என்பதால், பெயருக்குப் பக்கத்தில் அது எப்படி இருக்கும் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

9. வாசனை எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

பார்லி, தண்ணீர், ஈஸ்ட், செம்பு, ஓக் மரம், காலம். சில இடங்களில் பீட் என்ற சதுப்பு மண்ணை எரித்த புகை. ஒவ்வொரு வாசனைக்கும் இவற்றுள் ஒன்று காரணமாக இருக்கும். காரணம் தெரிந்தால் உங்கள் எழுத்தில் ஊகம் குறையும்.

ஆப்பிள், வாழைப்பழம், பேரிக்காய் வந்தால் பெரும்பாலும் நொதித்தலின் வேலை. ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள். தொட்டியில் நொதித்தல் நீண்ட நேரம் நடந்தால் பழவாசனை கூடும்.

செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். டெயின் ஊரில் கிளென்மோரஞ்சியின் கொப்பரைக் கழுத்து 5.14 மீட்டர், ஸ்காட்லாந்திலேயே உயரமானது. 1843-இல் தொடங்கியபோது பழைய ஜின் கொப்பரைகளை வாங்கி வைத்தார்கள், அந்த வடிவத்தையே இன்றும் விடவில்லை. அத்தனை உயரத்தில் கனமான ஆவி மேலே ஏற முடியாமல் திரும்பி விழுந்துவிடும். இலேசானதுதான் அந்தப் பக்கம் போகும். பூவும் ஆரஞ்சும் அதில் வருவதற்கு இது ஒரு காரணம். டால்வினி நேர்மாறு. அங்கே ஆவியைக் குளிர்விக்கப் பெரிய மரத்தொட்டித் தண்ணீருக்குள் சுருண்டு இறங்கும் செம்புக் குழாய். சட்டென்று குளிர்ந்துவிடுவதால் ஆவிக்குச் செம்போடு உறவாட நேரமில்லை, புதிதாக வடிந்த சாராயத்தில் கந்தக வாடை தங்கிவிடும். 1986-இல் தொட்டிகளை எடுத்துவிட்டு நவீனக் குளிர்விப்பான் வைத்தார்கள். விஸ்கியின் குணமே மாறிற்று. 1995-இல் பழைய முறைத் தொட்டிகளை மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். வடிசாலை வாசலிலேயே அவை நிற்கின்றன, போனால் பாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ப்ரோரா ஊரின் கிளைன்லீஷ். அதில் ஒரு மெழுகுத்தன்மை இருக்கும். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வாசம் மூக்கில். நாக்கிலோ மெழுகு தடவிய தாளை உரசுவது போல. அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? வடித்தலின் முதல் பங்கும் கடைசிப் பங்கும் சேரும் தொட்டியில் நாள்பட்டுப் படியும் எண்ணெய்ப் பிசுக்கு. ஒருமுறை அதைச் சுத்தமாகக் கழுவிவிட்டார்கள்; விஸ்கியில் மெழுகு காணாமல் போயிற்று. வேறெந்த வடிசாலையிலும் அழுக்கு என்று சுரண்டி எறிவதை இவர்கள் இப்போது காப்பாற்றி வைக்கிறார்கள். ஒரு வாசனைக்குப் பின்னால் இப்படி ஒரு செய்தி இருக்கும்போது "மெழுகு போன்ற மணம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமா?

பீப்பாயைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி போர்பனுக்குப் புதிய, உட்புறம் கரித்த ஓக் பீப்பாய் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதும் அது ஸ்காட்லாந்துக்கு வந்துவிடுகிறது. கொப்பரைத் தேங்காயும் வெனிலாவும் அதிலிருந்து வரும். உலர்திராட்சை, பேரீச்சை, பழம்புளி, கிராம்பு என்றால் ஷெர்ரி பீப்பாய். கிளென்ட்ரோனக் 12 ஆண்டில் இவற்றைத் தெளிவாகப் பார்க்கலாம். தீக்குச்சி உரசிய வாடையும் சில ஷெர்ரி பீப்பாய்களில் வரும்; சிலருக்கு அது பிடிக்கிறது, எனக்குப் பிடிக்காது.

புகை வந்தால், மால்ட்டை உலர்த்தும்போது பீட் எரித்திருக்கிறார்கள். ஹைலேண்ட் நிலப்பகுதியில் அதை விடாமல் செய்துவருவது ஆர்ட்மோர். கிளென்கோய்ன் வெறும் சூடான காற்றில் உலர்த்துகிறது. அதில் யாராவது அடுப்புப் புகை இருப்பதாக எழுதினால், அந்த எழுத்தை நான் மேலே படிப்பதில்லை.

10. "ஸ்மூத்", "சூப்பர்", "செம" மூன்றையும் ஒரு வருடத்துக்கு ஒதுக்கிவையுங்கள். எதனால் அப்படித் தோன்றியது என்பதை எழுதுங்கள்.

11. மதிப்பெண்ணில் நேர்மை வேண்டும்.

நூற்றுக்கு இத்தனை என்று மால்ட் விஸ்கிக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தைப் பரப்பியவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் வேறு, இவர் யார்க்ஷையரில் பிறந்த பத்திரிகையாளர், 1942 முதல் 2007 வரை வாழ்ந்தவர். 1989-இல் வந்த அவருடைய மால்ட் விஸ்கி கையேடு எங்கள் தலைமுறைக்கு வழிகாட்டி. அவருடைய எண்களை விட, வடிசாலை இருக்கும் மண்ணையும் மனிதர்களையும் சேர்த்து அவர் எழுதிய முறைதான் இன்றும் நிற்கிறது என்பது என் எண்ணம்.

மதிப்பெண் போடத்தான் வேண்டுமென்றால் முதலில் உங்களையே சோதியுங்கள். வீட்டில் ஒருவரை விட்டு மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள். அதில் இரண்டில் ஒரே விஸ்கி இருக்க வேண்டும், எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. என் மனைவி எனக்கு இதைச் செய்தாள். ஒரே விஸ்கிக்கு 82-உம் 88-உம் போட்டிருந்தேன். அதன் பிறகு ஆறு மாதம் எண்ணே எழுதவில்லை. மூன்று மதிப்பெண்ணுக்குள் திரும்பத் திரும்ப வரும்வரை நீங்களும் எழுத வேண்டாம்.

1983-இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி, புட்டியில் வடிசாலைப் பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் போடுகிறது. பெயரைப் பார்த்ததும் மனம் தீர்ப்பெழுதிவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

12. இலவசமாக வந்த புட்டி என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பல வருடம் முன்பு ஒரு நிறுவனம் எனக்கு விலை உயர்ந்த புட்டி ஒன்றை அனுப்பியது. பிடிக்கவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பூசி மெழுகி எழுதினேன். அதை நம்பி ஒருவர் தன் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்ததாக எனக்குக் கடிதம் போட்டார். அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விலையைப் பற்றியும் எழுதுங்கள். வயது கூடக் கூட விலை ஏறும். ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவு பீப்பாயிலிருந்து காற்றில் போய்விடுகிறது, கிடங்கு வாடகை சேர்கிறது. ஆனால் 25 வருடம் மரத்தில் கிடந்து வெறும் மரமாகிப்போன விஸ்கியை நான் குடித்திருக்கிறேன். 12 வருடத்தில் முழுமையாக நிற்கும் விஸ்கியையும் குடித்திருக்கிறேன்.

13. வடிசாலைக்குப் போகும்போது கார் ஓட்டுபவர் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது.

ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். முன்பு 80 இருந்தது. ஓட்டுபவர் என்று சொன்னால் பல வடிசாலைகளில் அவருடைய பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றி வீட்டுக்கே கொடுத்துவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து, அமைதியாக, அவர்தான் நம் எல்லோரையும் விட நல்ல குறிப்பு எழுதுவார்.

14. ஒரு புட்டியை மூன்று தடவை எழுதுங்கள்.

திறந்த அன்று ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று, பாதிக்குக் கீழே போனபின் ஒன்று. காற்றுப் பட்டு விஸ்கி மாறும். முதல் நாள் மூடிக்கொண்டிருந்தது பதினைந்தாம் நாள் விரியும். சிலது நாலு மாதத்தில் வாடிப்போகும். மூன்று குறிப்பையும் ஒன்றாக வைத்துப் படித்த பிறகே மதிப்புரை எழுத உட்காருங்கள். புட்டியை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். ஒயின் மாதிரிப் படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும்.

குடித்த கிளாஸை அன்றிரவு கழுவாதீர்கள். காலையில் எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன்னால், காய்ந்துபோன கிளாஸை முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் முழுக்கப் போயிருக்கும். மரமும் மால்ட்டும் புகையும் மட்டும் அடியில் தங்கியிருக்கும். என் நோட்டுப் புத்தகத்தில் நல்ல வரிகள் பாதிக்கு மேல் அந்த வேளையில் எழுதியவை.

அடுத்த சனிக்கிழமை கிளைன்லீஷ் 14 ஆண்டு புட்டி ஒன்றைத் திறக்கிறேன். வருகிறவர்கள் முதல் நாள் இரவு வீட்டில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, ஊதி அணைத்து, அந்த வாசத்தை மூக்கில் நன்றாக வாங்கிக்கொண்டு வாருங்கள். நோட்டும் பேனாவும் கையோடு இருக்கட்டும்.